பில்லில் வந்த 1970

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நண்பரின் பட்டுக்கடையில், கணினியின் இயக்க மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், முதல் புடவைக்கான பில் '1970 ஜனவரி 1, காலை 5.31' என்ற தேதியைத் தாங்கி வெளிவந்தது.

அக்கணக்கின்படி, 1979-இல் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய எங்கள் ஊர்ப் பெருமாள் அத்திவரதரே இன்னும் குளத்துக்குள்தான் இருக்கிறார். அடியேனோ ஜனனமே எடுக்கவில்லை.
விலை மட்டும் இக்காலத்து விலை!

கணினிக்குள் இருக்கும் கடிகாரச் சில்லின்மேல் குற்றமில்லைங்க.

மின்சாரம் நின்ற வேளையிலும், சிறு பேட்டரியின் தயவில், விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு அது சிரத்தையாக நேரத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் அதனோடு பேச வேண்டிய டிரைவர் புதிய பதிப்பில் ஏற்றப்படாமற்போகவே, இணையமும் அன்று கிட்டாத நிலையில், காலமறியாத கணினி யூனிக்ஸ் மரபின் ஆதிக்கணத்துக்கே, அதாவது கிரீன்விச்சில் நள்ளிரவும் நமக்கு அதிகாலை ஐந்தரையுமான அந்த நேரத்துக்கே, திரும்பிவிட்டது.

அமைப்புக் கோப்பில் அந்த டிரைவரைக் குறிக்கும் ஒரு வரியை மீண்டும் சேர்த்ததும், ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட காலம் ஒரு க்ஷணத்தில் கடந்துபோயிற்று.

புதுப்பிக்குமுன் பழைய அமைப்புக் கோப்பைப் பிரதியெடுத்து வைக்கும் புண்ணியவான்கள் உங்களில் யாராவது உண்டா?