கூரைமேல் விழுந்த பீட்சா

அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்திலே, அல்புகர்க்கி என்றோர் நகர். 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' தொடர் படமாக்கப்பட்ட ஊர். அத்தொடரில் உள்ளத்தைப் பறிகொடுத்தவன் நான். அங்கே பணிபுரியும் அண்ணன் அழைத்தார், சென்றேன், சுற்றினேன்.

கதைத் தலைவன் யார்? என்னைப் போன்றதோர் ஆசிரியன்! வகுப்பிலே வேதியியல் கற்பிப்பான். வகுப்பு முடிந்ததும் வருவாய் போதாமல் கார் கழுவுவான். புற்றுநோய் பற்றுகிறது. தனக்குப்பின் குடும்பம் என்னாகும் என்ற அச்சத்திலே போதைப்பொருள் காய்ச்சத் துணிகிறான்.

அவன் வீடாகக் காட்டப்பட்டதோ, மெய்யான மாந்தர் குடியிருந்த இல்லம். கதையிலே சினந்து அவன் கூரைமீது பீட்சாவை எறிந்தானாம். காண வந்தோரும் எறிந்தார்கள்! நேர்த்திக்கடனோ இது? தொடரைப் படைத்த வின்ஸ் கில்லிகனே 2015-இல், எறியாதீர் என வேண்டினார். கேட்டனரா? 2017-இல் வீட்டார் வேலி எழுப்பினர். 2022-இலோ, நகர மாநாட்டு மண்டபத்திலே அவனுக்கும் கூட்டாளிக்கும் வெண்கலச் சிலைகள்! போதைப்பொருளின் சாயலிலே நீலநிற மிட்டாய் விற்கவும் கண்டேன். வாங்க மனம் வரவில்லை.

கார் கழுவுமிடத்திலே உடன் வந்தோர் படமெடுத்தனர். "இந்நாட்டு ஆசிரியர் நோயுற்றால் செலவு யாருடையது?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"காப்பீடு உண்டு தம்பி, ஆனாலும் கைப்பணமும் கட்டவேண்டும்" என்றார்.