பிழைப் பதிவேடும் நீதிமன்றமும்

மென்பொருள் எழுதும் தொழிலில் பிழை என்பது எப்போதாவது நேரும் விபத்தன்று. நிரலோடு கூடவே பிறந்து, கண்ணில் பட்டவுடன் எண்ணிடப்பட்டு, எந்தச் சூழலில் தோன்றியது, எத்தனை பேரைப் பாதித்தது, திருத்தம் வரும்வரை எப்படிச் சமாளிப்பது என்ற குறிப்புகளோடு ஒரு பதிவேட்டில் ஏறுவது. அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு என்று வழங்கும் இந்த ஆவணம் இல்லாத தொழிற்கூடம் அரிது. மென்பொருளைப் பற்றி விற்பனை ஏடு சொல்வது ஒன்று, பதிவேடு சொல்வது வேறொன்று. தொழில் தெரிந்தவர் பதிவேட்டையே நம்புவார். அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி முழுக்க முழுக்க அரசியல் கேள்வி என்பதற்குப் பிரிட்டன் அஞ்சலகங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருளைவிடக் கொடிய சான்று இல்லை.

ஐசிஎல் நிறுவனம் உருவாக்கி, பின்னர் அதன் உரிமையாளரான ஃபுஜிட்சுவின் பொறுப்பில் வந்த ஹொரைசன், அரசு உதவித்தொகையை அட்டை வழியாக வழங்கும் திட்டத்தின் பகுதியாக 1996இல் ஒப்பந்தமானது. 1999இல் உதவித்தொகைப் பகுதி கைவிடப்பட்டு, கணக்குப் பகுதி மட்டும் ஆயிரக்கணக்கான கிளைகளில் நிறுவப்பட்டது. அக்கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சம்பள ஊழியர்கள் அல்லர். தம் கடையின் ஒரு மூலையில் அஞ்சல் கவுண்ட்டரை வைத்திருந்த ஒப்பந்த நடத்துநர்கள். கணக்கில் பணம் குறைந்தால் தம் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்ற நிலையில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். 1999க்கும் 2015க்கும் இடையில், திரையில் தோன்றிய குறைவை ஆதாரமாகக் கொண்டு, 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர்; அவற்றில் பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது அரசுக்குச் சொந்தமான அந்த அஞ்சலக நிறுவனமே.

நிறுவப்படுவதற்கு முன்பே, 1998இல், கவுண்ட்டர் விற்பனைப் பகுதியின் நிரலை ஆராய்ந்த உள்குழு ஒன்று தன் அறிக்கையில் எடுத்துக்காட்டிய சில வரிகள், பின்னர் இந்த விவகாரத்தை ஆராய்ந்த பொது விசாரணையில் வெளியாயின. ஓர் எண்ணின் குறியை மாற்றுவது, அதாவது வரவைச் செலவாகவோ செலவை வரவாகவோ திருப்புவது, அவற்றின் வேலை. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இட்டால் முடிந்துவிடும் காரியம் அது. அந்த நிரலோ, எண் சுழியத்தைவிடச் சிறியதா என்று முதலில் கேட்டு, ஆம் எனில் குறியை நீக்கியும், இல்லையெனில் அந்த எண்ணிலிருந்து அதன் இருமடங்கைக் கழித்தும் விடை கண்டது. ஐந்திலிருந்து பத்தைக் கழித்தால் கழித்தல் ஐந்து வரும், விடை சரிதான். ஆனாலும் இதைப் படிக்கும் எந்த நிரலாளருக்கும் நெஞ்சு பதறும், ஏனெனில் எழுதியவருக்குத் தாம் எழுதும் மொழியின் முதல் பாடமே கைவரவில்லை என்பதும், அதை எவரும் உடனிருந்து படித்துத் திருத்தவில்லை என்பதும் அந்தச் சில வரிகளிலேயே தெரிந்துவிடுகின்றன. எழுதியவரைக் கடிந்துகொள்வது எளிது, ஆனால் அது நியாயமன்று. காலக்கெடு நெருக்க, கற்றுத்தர ஆளின்றி, சக நிரலாளர் பார்வையிடும் வழக்கமும் இன்றி வேலை நடந்த இடம் அப்படித்தான் எழுதவைக்கும். அந்தப் பகுதியை முழுதாகத் திருப்பி எழுதலாம் என்ற யோசனை எழுந்தபோது, இருப்பதையே ஒட்டுப்போட்டுப் பராமரிப்பதென்று நிர்வாகம் முடிவு செய்ததுதான் கணக்கில் வைக்க வேண்டிய செய்தி.

ஒட்டுப்போட்ட நிரல் எவ்வாறு மனிதரைச் சுடுகிறது என்பதற்கு 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளையோடு தொடர்புபட்டு வெளிப்பட்ட பிழை போதும். பணப்பை ஒன்று கிளைக்கு வந்துசேர்ந்ததைப் பதியும்போது, குறிப்பிட்ட ஒரு சூழலில், என்டர் பொத்தானை அழுத்தியும் திரை நகராமல் அப்படியே நின்றது. வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுபடி அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தலும் புதிய வரவாக ஏறியது. 8,000 பவுண்டு நான்கு முறை பதிவாகி, இல்லாத 24,000 பவுண்டுக்குக் கிளை கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு செயலை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே மிஞ்ச வேண்டும் என்ற பண்பை நிரலாளர்கள் ஐடெம்போடென்ட் என்கின்றனர். பணத்தைத் தொடும் எந்த நிரலுக்கும் அது உயிர்நிலை. பையின் எண் முன்பே பதிவாகிவிட்டதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இந்தப் பிழை, பழைய பதிவுகளைத் தேடியபோது, ஐந்து ஆண்டுகளாகப் பல கிளைகளில் நிகழ்ந்திருந்தது தெரியவந்தது.

கிளைக்குள் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை இரட்டிப்பாகத் தோன்றிய கேலண்டர் ஸ்கொயர் பிழை 2000 முதலே தெரிந்திருந்தும், 2006 வரை தீராமல் இருந்தது. 2010இல் வெளிப்பட்ட மற்றொன்றில், கிளையின் திரை கணக்குச் சரி என்று காட்ட, மையக் கணினி வேறு தொகையைக் காட்டியது. அதை எப்படிச் சரிசெய்வது என்று கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு, கிளைக் கணக்கைத் திருத்துவதையும் ஒரு வழியாகச் சொல்லி, பிழை வெளியே தெரிந்தால் நடந்துவரும் வழக்குகளைப் பாதிக்கலாம் என்றும் கவலைப்படுகிறது. அதே ஆண்டில் கருவுற்றிருந்த ஒரு நடத்துநர் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

நிரலாளரின் கண்ணுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், ஃபுஜிட்சுவின் ஆதரவுப் பிரிவினர் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது என்பதும், ஹொரைசனின் பழைய பதிப்பில் அப்படிச் சேர்த்த பதிவு கிளை நடத்துநரே செய்தது போலத் தோன்றக்கூடும் என்பதும் ஆகும். இயங்கும் கணக்கை வெளியிலிருந்து திருத்துவது சில நேரம் தவிர்க்க முடியாத வேலைதான். அதைச் செய்யாத பெரிய நிறுவனம் அரிது. ஆனால் திருத்தியவர் தம் பெயரில் திருத்த வேண்டும், பழைய வரி அழியாமல் இருக்க வேண்டும். பேரேட்டுக் காலத்துக் கணக்குப்பிள்ளைகூட அடித்தெழுதிய இடத்தில் கையொப்பம் இட்டார். தொலைவிலிருந்து நுழையவே முடியாது என்று அஞ்சலக நிறுவனம் பல ஆண்டுகள் கூறிவந்தது. ஆதரவுப் பிரிவில் பணிபுரிந்த ரிச்சர்ட் ரோல் 2015இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் அது முடியும் என்று சொன்னார். தொழிலின் மானத்தைக் காத்தவர்களில் அவரை முதலில் வைக்க வேண்டும்.

சட்டமும் இந்தத் துயரத்தில் தன் பங்கைச் செலுத்தியது. இங்கிலாந்தில் கணினிச் சான்றை முன்வைப்பவர் அக்கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 69ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருந்தது. அது தேவையற்ற சுமை என்று சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைக்க, 1999இல் இயற்றிய சட்டம் அப்பிரிவை நீக்கியது; அதன்பின் எதிர்ச்சான்று இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். ஹொரைசன் கிளைகளில் வேரூன்றிய அதே காலத்தில் இந்த அனுமானமும் வேரூன்றியது. எதிர்ச்சான்று பிழைப் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே குற்றம் சாட்டப்பட்ட கடைக்காரருக்குத் தெரியாது. கிளையின் முழுத் தணிக்கைத் தரவைக் கேட்டுப் பெறவும் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு இருந்தது. ஒரு மனிதர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய தரவுக்கு அளவுச்சீட்டு முறை வைக்கும் ஒப்பந்தத்தை வெறும் வணிக ஆவணம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆலன் பேட்ஸ் முதலான 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் இந்தப் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பழைய ஹொரைசன் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். அவர் பெருமளவு சார்ந்து நின்றது அந்தப் பிழைப் பதிவேட்டின் மீதே. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றை மொத்தமாக நீக்கியது. குறைந்தது 13 பேர் இதன் விளைவாகத் தம் உயிரை மாய்த்திருக்கலாம் என்று பொது விசாரணையின் 2025 அறிக்கை கூறுகிறது. தண்டனைகள் நீங்கியபோதும் அவற்றுக்கு வழிவிட்ட அனுமானம் நீங்கவில்லை. அதை மாற்றுவது பற்றிக் கருத்துக் கேட்கும் பணியைப் பிரிட்டன் அரசு 2025 ஜனவரியில்தான் தொடங்கியது.

அந்த அனுமானத்தின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு நிரலாளரிடம் விடை உண்டு, அது பிழையற்ற நிரலைப் பற்றிய உறுதிமொழி அன்று. கணினியின் எண்ணைக் கொண்டு ஒருவர் மீது குற்றம் சாட்டுபவர், அந்த நாளில் எந்தப் பதிப்பு இயங்கியது, அதற்கு முன்னும் பின்னும் என்ன மாற்றங்கள் ஏறின, அந்தக் கணக்கைத் தொட யார் யாருக்கு அனுமதி இருந்தது, அப்போது அறியப்பட்டிருந்த பிழைகள் எவை என்பவற்றை எண்ணோடு சேர்த்தே எதிர்த்தரப்பிடம் கொடுக்கட்டும். இவற்றில் எதையும் வழக்குக்காகப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஒழுங்காக நடக்கும் எந்தத் தொழிற்கூடத்திலும் இவை நாள்தோறும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, படியெடுத்துத் தர ஒரு முற்பகல் போதும்.