ஒருநாள் நிகழ்ச்சியும் மறுநாள் காலையும்

பசுமை நிகழ்ச்சிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. மரம் நடுகிறோம், ஆற்றங்கரையைத் துப்புரவு செய்கிறோம், மறுசுழற்சிப் போட்டிகளில் பங்கேற்று நற்சான்றிதழும் பெறுகிறோம். ஆனால், மறுநாள் காலையில் நம் அன்றாட வாழ்வில் ஏதேனும் மாறியிருக்கிறதா? கிள்ளானில் வளர்ந்த எனக்கு இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த சில மாற்றங்களை எண்ணிப் பார்க்கும்போது அதற்கு விடை கிடைக்கிறது.

'எர்த் ஹவர்' எனப்படும் புவி மணி இயக்கம் 2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கியது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 8.30 முதல் 9.30 வரை உலகின் பல நகரங்களில் தேவையற்ற விளக்குகள் அணைக்கப்படுகின்றன. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமும் இதில் பங்கேற்றுள்ளது. "ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிவிடும்?" என்று என் தம்பி கேட்டான். மிச்சமாவது சிறிதளவே. எனினும், வரவேற்பறை இருண்டபோது, தொலைக்காட்சியிலும் ஒலிபெருக்கியிலும் சிறு சிவப்பு விளக்குகள் எரிவது எங்கள் கண்ணில் பட்டது. தொலையியக்கியால் அணைத்த பிறகும் இத்தகைய கருவிகள் சிறிது மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். அன்று முதல், உறங்கச் செல்லும் முன் சுவரிலுள்ள விசைகளை அணைப்பது தம்பியின் பொறுப்பாயிற்று.

சிலாங்கூர் மாநிலத்தின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் இங்குச் சனிக்கிழமைகள் 'நெகிழிப் பை இல்லா நாள்' ஆயின. பை வேண்டுவோர் 20 சென் செலுத்த வேண்டியிருந்தது. 20 சென் பெரிய தொகையன்று; ஆனால், கேட்டு வாங்கும்போது மனம் ஒரு கணம் தயங்கும். அம்மா துணிப்பை ஒன்றைத் தைத்துக் கதவருகே மாட்டி வைத்தார். "சனிக்கிழமைக்கு ஒரு பை, மற்ற நாளைக்கு வேறொரு பையா?" என்று பாட்டி கேட்டார். அதன்பின் அப்பை வார நாள்களிலும் அம்மாவுடன் தெங்கு கிளானா சாலைக்குச் சென்று வந்தது. 2017 ஜனவரி 1 முதல் அக்கட்டணம் எல்லா நாள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உணவு கட்டும் பாலிஸ்டிரீன் பெட்டிகளும் தடை செய்யப்பட்டன. அம்மாவுக்கு அது சுமையாகத் தோன்றவில்லை. ஏழு ஆண்டுச் சனிக்கிழமைகள் அவரைப் பழக்கியிருந்தன.

பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் மாமாவின் கதை வேறு. 2014ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய 'வாகனமில்லாக் காலை' நிகழ்ச்சியில் அவர் மிதிவண்டி ஓட்டினார். ஞாயிறு காலையில் வாகனங்கள் இன்றி நகரச் சாலைகள் அமைதியாக இருந்தன. "மகிழுந்தில் போனால் தூரமாகத் தெரிகிற இடமெல்லாம் உண்மையில் பக்கத்தில்தான் இருக்கிறது," என்றார் மாமா. இப்போது எங்களைக் காண வரும்போது, அவர் கேஎல் சென்ட்ரல் வரை நடந்து, கொமுட்டர் இரயிலில் கிள்ளான் வந்து சேர்கிறார்.

எல்லா நிகழ்ச்சிகளும் இவ்வாறு பயன் தருவதில்லை. நான் கலந்துகொண்ட ஒரு துப்புரவுப் பணியில், இரண்டு மணி நேரம் நெகிழிப் புட்டிகளைப் பொறுக்கினோம். இறுதியில் எங்களுக்கு வழங்கப்பட்ட குடிநீரும் நெகிழிப் புட்டிகளிலேயே வந்தது! அடுத்த முறை நண்பர்கள் அனைவரும் சொந்த நீர்ப்புட்டியைக் கொண்டு சென்றோம். பெரிய கலன் ஒன்றில் குடிநீர் வைக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொண்டோம். அவர்களும் மகிழ்வுடன் இணங்கினர்.

பசுமை நிகழ்ச்சி நாம் காணத் தவறியதைக் காட்டுகிறது. தனியே செய்யக் கூச்சப்படுவதைப் பலரோடு சேர்ந்து செய்து பார்க்க வாய்ப்பளிக்கிறது. ஆனால், அது பழக்கமாக வேண்டுமெனில், வீட்டில் அதற்கென ஓர் இடமும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். கதவருகே தொங்கும் துணிப்பையும் தம்பியின் இரவு வேலையும் அத்தகையவையே. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அன்றோ? எனவே, மாணவர்களே, அடுத்த முறை பசுமை நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றால், மறுநாள் காலையில் தொடரக்கூடிய ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து வீட்டிற்குக் கொண்டு வாருங்கள்.