றொக்கி மலையடியில் புல் விரித்த காலை

மார்கழி விடுமுறையிற் கனடாவுக்குப் போகின்றோம் என்று அறிந்ததும், எம்முடன் படிப்பிக்கும் நண்பர்கள் பலரும் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியே பேசினர். நாம் செல்லும் இடத்துக்கும் நயாகராவுக்கும் இடையே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீற்றர் தூரம் என்பதை அவர்களுக்கு விளக்குவது எளிதாயிருக்கவில்லை. எம் தமையனார் வசிப்பது மேற்கே, அல்பேட்டா மாகாணத்துக் கல்கரி நகரில். கணக்காளராகிய அவரிடம் மாட்டுப் பண்ணைக்காரர் சிலர் வரிக்கணக்கு எழுதுவிக்க வருவதுண்டு. அவர்களுள் ஒருவர், "உமது தம்பிக்குக் கடைகளைக் காட்டி என்ன பயன்? ஒரு நாட் காலை எங்களிடம் அழைத்து வாரும். மாடுகளுக்குப் புல் விரிப்பதைப் பார்க்கட்டும்" என்றாராம். புல்லை வெட்டுவதுண்டு, போடுவதுண்டு. விரிப்பதென்றால் என்ன என்று கேட்டோம். "வந்து பாரன்" என்றார் தமையனார்.

மார்கழியில் அங்கே காலை எட்டரை மணியளவிற்றான் சூரியன் எழுகிறான். இருட்டோடு புறப்பட்டு, 22ஆம் இலக்கப் பெருந்தெரு வழியே தெற்கே லோங்வியூ என்னும் சிற்றூரை நோக்கிச் சென்றோம். வெளுத்து வந்தபோது மேற்கே றொக்கி மலைகள் வெண்சுவராய் எழுந்து நின்றன. கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. இரண்டுக்கும் நடுவே அலை அலையாய் எழுந்து தாழும் புற்குன்றுகள். 1882ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பார் யூ என்ற பழம்பெரும் மாட்டுப் பண்ணை இந்தக் குன்றுகளின் நடுவிலேதான் இருக்கின்றது. இப்போது அது தேசிய வரலாற்றுத் தலம். அதைப் பார்க்க எமக்கு நேரம் வாய்க்கவில்லை.

வழி நெடுகிலும் வேலிகளுக்கு உள்ளே பெரிய பெரிய உருளைகள் பனியைத் தலையிற் சுமந்து கிடந்தன. வைக்கோற் கட்டுகளோ என்றோம். வைக்கோலன்று, கோடையில் அறுத்து வெயிலிலே காயவைத்த புல். நம் ஊரில் வைக்கோலைப் போராகக் குவித்து வைத்து, வேண்டியபோது பிடுங்கிக்கொள்வோம். ஆறு மாதம் பனி மூடும் நிலத்தில், நூற்றிருபது பசுக்களுக்குப் பிடுங்கிப் போட்டு முடியுமோ? பசுவொன்று நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ தின்னும் என வைத்துக்கொண்டால் 1,800 கிலோ ஆகின்றது. உருளையொன்று ஏறத்தாழ 600 கிலோ. நாளுக்கு மூன்று உருளைகள்.

இவ்வளவு பெரிய உருளையைக் கட்டும் இயந்திரத்தை 1971ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து கேரி வேர்மீர் என்பவர். புல் கட்டும் பாடு தாங்காமல் மாடு வளர்ப்பதையே கைவிடப்போகிறேன் என்று ஒரு நண்பர் முறையிட்டதே அதற்குக் காரணம் என்பர். சிறு கட்டுகளைப் பலர் கூடித் தூக்கிய காலம் போய், ஒருவரே உழவு இயந்திரத்தில் அமர்ந்து முழு வேலையையும் முடிக்கலாயிற்று. நல்லதுதான். ஆனால் சிறுகட்டு கைதவறி விழுந்தாற் கால்விரல் நோகும். இந்த உருளை உருண்டால் நாற்பது பேர் கூடினாலும் நிறுத்த முடியாது.

பண்ணை வீட்டுக்காரர் அறுபதை அணுகிய, அதிகம் பேசாத மனிதர். பதினாலு வயது மகனும் உடன் நின்றான். கொட்டிலின் பின்னே பழைய உழவு இயந்திரம் ஒன்று சக்கரம் புதையப் பனியில் நின்றது. ஓட்டுநர் ஆசனத்துக்கு மேலே கூரை இல்லை, சட்டகம் இல்லை. விற்கவில்லையா என்று தமையனார் கேட்டார். "அது என் தகப்பனாருடையது" என்றார் அவர். பின்னர், கையுறையை மாட்டியவாறே, மிகச் சுருக்கமாகச் சொன்னார். தகப்பனார் முன்புறத் தூக்கியின் வாளியிலே உருளையொன்றை ஏந்தி, வழி தெரியவேண்டுமென்று மிக உயரத் தூக்கினார். வாளி பின்னே சாய்ந்தது. உருளை தூக்கியின் கைகள் வழியே பின்னோக்கி உருண்டு அவர்மேல் விழுந்தது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. மகன் மட்டும் அந்த இயந்திரத்தைப் பாராமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவருடைய புதிய இயந்திரத்தில் உருக்குச் சட்டகத்தோடு கூடிய அறையும் இருக்கைப் பட்டியும் உண்டு. இத்தகைய சட்டகம் புதிய உழவு இயந்திரங்களுக்குக் கட்டாயம் என்று சுவீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. கவிழ்ந்து இறப்போர் தொகை அங்கே காலப்போக்கில் மிக அருகிப்போயிற்று. அவர் உருளையை வாளியில் ஏந்துவதில்லை. நீண்ட ஈட்டியை நடுவிலே பாய்ச்சித் தூக்குகிறார். தூக்கினாலும் நிலத்தினின்று ஓரடிக்கு மேல் எழவிடுவதில்லை. முன்னே ஒன்று இருந்தால், நிறை சமப்பட வேண்டிப் பின்னேயும் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. உழவு இயந்திரத்துக்கு நாலு சக்கரம் இருப்பதால் அது நாற்காலிபோல நிற்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் முன்னச்சு நடுவிலே ஒரு முளையிற் கோக்கப்பட்டு, இருபுறமும் அசையுமாறு அமைந்தது. ஆகவே அது நிற்கும் அடித்தளம் சதுரமன்று. பின்சக்கரம் இரண்டும் அம்முளையும் சேர்ந்த முக்கோணம். பாரத்தை உயர்த்த உயர்த்த ஈர்வை மையமும் உயர்கிறது. சரிவிலே அம்மையத்தினின்று வீழ்த்தும் செங்குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே போன கணமே வண்டி கவிழும். பதினைந்து ஆண்டுகளாக நாம் கரும்பலகையில் வரைந்துவரும் படம் இதுவேயாகும்.

2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நிகழ்ந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. சரிவான வயலொன்றிலிருந்து 600 கிலோ உருளையொன்று உருண்டோடி, வேலியைத் தாண்டித் தெருவிற் சென்ற வாகனமொன்றின்மேல் விழுந்தது. உள்ளே இருந்து உயிரிழந்தவர், 'எலக்ட்ரிக் லைட் ஓர்கெஸ்ட்ரா' என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவில் முன்னாளிற் செலோ வாசித்த மைக் எட்வேர்ட்ஸ். உருளை பத்து மீற்றர் உயரம் இறங்கி வருமாயின் அதன் வேகம் என்னவாகும் என்று மனத்துக்குள்ளே கணித்தோம். உராய்வுத் தடைகளை விட்டுவிட்டால், மணிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்.

குன்றின் முகட்டை அடைந்தபோது சூரியன் நன்றாக எழுந்துவிட்டான். இந்நாட்டின் குளிரைக் காட்டிலும் குளிர் விலகும் நாளே வஞ்சகமானது. மலையைக் கடந்து மேற்கிலிருந்து வீசும் சீனூக் என்ற வெப்பக்காற்று சில மணி நேரத்திற் பனியை உருக்கிவிடும். காற்று நின்றதும் உருகியதெல்லாம் உறைந்து, சரிவு முழுவதும் கண்ணாடி பூசியதுபோல் ஆகிவிடும். இரண்டு நாட்களுக்கு முன் அவ்வாறு நிகழ்ந்திருந்தது. "தம்பி, காலைப் பார்த்து வை" என்று தமையனார் எச்சரித்துக்கொண்டே வந்தார்.

இயந்திரத்தின் பின்னே இரண்டு இரும்புக் கைகள் உருளையின் இருபுறத் தட்டையான முகங்களின் நடுவையும் பற்றியிருந்தன. அவர் அதை நிலத்திற் படிய இறக்கி, தடையை இட்டு, இயந்திரத்தை நிறுத்தி, திறப்பையும் எடுத்துக்கொண்டார். பக்கவாட்டில் நின்று, உருளையைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் வலையை அறுத்தார். வலை புல்லோடு உறைந்து ஒட்டியிருந்தது. ஒரு முழத்தையும் விடாமற் பிய்த்தெடுத்தார். மாடு அதை விழுங்கினால் வயிற்றிலே திரண்டு அடைத்துக்கொள்ளுமாம். உருளை எந்தத் திசையிற் சுற்றப்பட்டது என்றும் பார்த்தார். மாறி வைத்தால் அது விரியாது, இழுபடும்.

இக்காட்சியை நிழற்படம் எடுக்க விரும்பி, உருளை முழுவதும் அடங்கவேண்டுமென்று நாம் சரிவிலே பத்தடி கீழே இறங்கி நின்றோம். சட்டைக் கையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அந்தப் பையன்! ஒன்றும் பேசாமல் எம்மைப் பக்கத்தே இழுத்துச் சென்று, தந்தையார் ஆசனத்தில் இருந்து பார்த்தாற் கண்ணிற் படும் இடத்தில் நிறுத்தினான். படலை திறப்பதும், அவ்விடத்தில் நிற்பதும் மட்டுமே அவனுக்கு இன்னும் அனுமதிக்கப்பட்ட வேலைகள் என்று பின்னர் அறிந்தோம்.

பிறகு விரிப்பு. இயந்திரம் முகட்டின் வழியே மெல்ல நகர, உருளை சுழன்று சுழன்று பின்னே பாயாய் விரிந்தது. கோடைப் புல்லின் மணம் அந்தக் கடுங்குளிரிலும் குப்பென்று எழுந்தது. வீட்டுக்கு வந்த உறவினருக்குப் பாய் விரித்து இருத்தும் நம் வழக்கந்தான் எமக்கு நினைவு வந்தது. பசுக்கள் ஓடிவந்து, நூறடிக்கு மேல் நீண்ட அந்தப் பாயின் இருமருங்கும் பந்தியில் அமர்ந்தாற்போல நின்றன. ஒரே இடத்தில் உருளையை வைத்தால் வலிய மாடுகள் சூழ்ந்துகொள்ள, மெலிந்தவை வெளியே நிற்குமாம். நாளுக்கோர் இடத்தில் விரிப்பதனால் எருவும் வயலெங்கும் பரவுகிறது.

முதலாவது உருளை முடிந்து, அரையாள் உயரமான நடுக்கரு மட்டும் எஞ்சியிருந்தது. அடுத்ததை எடுக்கும் அவசரத்தில் அவர் இயந்திரத்தின் முகத்தை மேட்டை நோக்கித் திருப்பியவாறே கைகளை விரித்துவிட்டார். கரு நிலத்தைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, பின் உருண்டது. பனிக்கட்டிமேல் அதற்குத் தடையேது? நாம் சற்று முன் நிழற்படக் கருவியோடு நின்ற இடத்தின் ஊடாகவே சென்று, கீழே முள்வேலிக் கட்டையொன்றை முறித்துக்கொண்டு நின்றது.

அவர் இறங்கி வந்து நெடுநேரம் அந்தக் கட்டையைப் பார்த்தார். "சமநிலத்துக்குப் போய் விட்டிருக்க வேண்டும்" என்றார், மகனைப் பார்த்து, எம்மைப் பார்த்தன்று. மகன் தலையசைத்தான்.

உறைந்த நிலத்திற் குழி தோண்ட இயலாது. முறிந்த கட்டையோடு பலகையொன்றைச் சேர்த்து ஆணி அறைவதே வழி. தந்தையார் மிகுதி இரண்டு உருளைகளையும் விரிக்கப் போக, நாம் பலகையைப் பிடிக்கப் பையன் ஆணி அறைந்தான். விரல்கள் மரத்துப்போயின. அவன் சுத்தியலை நிறுத்தி, ஊரில் நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டான்.

"பௌதிகவியல்" என்றோம், பனியில் விழுந்த ஆணியொன்றைத் தேடக் குனிந்தோம்.