மூலை வீட்டுத் தோட்டமும் தேங்கி நின்ன தண்ணியும்

வெள்ளிக்கிழமை பூ கட்டுற இடத்துல நாலைஞ்சு பேர் இதையே கேட்டீங்க, "அண்ணே, உங்க வீட்டு வேப்பங்கன்னு என்னாச்சு?"ன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதை விட இங்க எழுதிடலாம்னு பார்த்தேன். புது வீடு வாங்கினவங்க நம்ம ஆலயத்துல நிறைய பேர் இருக்கீங்க. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்க வாங்கினது மூலை வீடு. ஈபிஎஃப் பணத்தையும் போட்டு, நடு வீட்டை விட கூடக் கொடுத்து வாங்கினதுக்குக் காரணமே பக்கத்துல இருந்த மண்ணுதான். அம்மனுக்கு வேப்பிலை, செம்பருத்தி, துளசி எல்லாம் நம்ம வீட்டுல இருந்தே போகணும்னு என் வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்ப வருஷத்து ஆசை. சாவி வாங்கின ரெண்டாவது மாசமே நட்டாச்சு. மழை மாசம் வந்தது. ஒரு மழைக்கு மூணு நாள் தண்ணி நின்னுச்சு. துளசி கறுத்துப் போச்சு. வேப்பங்கன்னு இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. வேம்பு வெயிலைத் தாங்கும், காய்ச்சலைத் தாங்கும், வேர்ல தண்ணி நின்னா மட்டும் தாங்காது.

தேங்கின தண்ணியில கொசு வேற. ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்குற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். பேரப்பிள்ளைங்க வந்து போற வீடு. அம்மாவுக்குத் தூக்கமே போச்சு.

மேம்பாட்டாளர் ஆபீஸ்ல சொன்னோம். ஒரு லோரி மணலைக் கொண்டு வந்து மேல கொட்டிட்டுப் போனாங்க. அது வேலைக்கு ஆகாது. அடியில களிமண்ணு சட்டி மாதிரி இருக்கும்போது மேல மணல் போட்டா, சட்டிக்குள்ள மணல் இருக்கும், மணலுக்குள்ள தண்ணி இருக்கும். அவ்வளவுதான்.

ஃபேக்டரில ஒரு மெஷின் நின்னா "ஏன், ஏன்"னு அஞ்சு தடவை கேட்கச் சொல்லி எங்களுக்குப் பழக்கம். டொயோட்டாக்காரன் கொண்டு வந்த முறை. அதையே இங்கேயும் செஞ்சேன். ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணி ஊத்தினேன். அது வடிஞ்ச பிறகு இன்னொரு தடவை ஊத்தி, எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கணும். மணிக்கு ஒரு அங்குலம் இறங்கினா நல்ல மண்ணு. எங்க வீட்டுல முதல் தடவை ஊத்தினதே வடியல. சாயந்தரம் ஊத்தினது காலையில ரெண்டு அங்குலம்தான் குறைஞ்சிருந்துச்சு.

வெட்டினப்பவே காரணமும் கிடைச்சது. மேல ஒரு அங்குலம் நல்ல மண்ணு, அதுல புல்லு. அதுக்குக் கீழ செங்கல் துண்டு, உடைஞ்ச டைல், சிமெண்ட் பை, ஒரு பான டின்னு. அதுக்கும் கீழ மண்ணுவாரி ஏறி இறங்கி இறுகிப்போன சிவப்புக் களிமண்ணு. சங்குல் பட்டா டங்குன்னு சத்தம் வருது.

கூட வந்த குத்தகைக்காரத் தம்பி, "அண்ணே, முழுக்க சிமெண்ட் போட்டுடுங்க, தொல்லை விட்டுச்சு"ன்னார். தாமான்ல முக்கால்வாசி வீடு அப்படித்தான் இருக்கு. எனக்கு மனசு கொஞ்சம் அங்கேதான் போச்சு. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "சிமெண்ட்டுக்கா மூலை வீடு வாங்கினோம்?" அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

இன்னொரு விஷயம். எங்களை விடத் தாழ்வா இருக்கிறது அடுத்த வீட்டு பக்சிக் வீடு. சிமெண்ட் போட்டா மழைத்தண்ணி மொத்தமும் வேலிக்கு அடியில அவர் பக்கம்தான் போகும். அவர் மனைவி முட்டிவலிக்காரங்க, வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது? அவர்கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவரே சங்குலோட வந்து நின்னார்.

வேலைக்கு முன்னாடி பார்க்க வேண்டியது தண்ணி போய்ச் சேர்ற இடம். நம்ம வீட்டு லொங்காங் எவ்வளவு ஆழம்னு அளந்தாத்தான் குழாயை எவ்வளவு ஆழத்துல போடலாம்னு தெரியும். அளந்தப்போ, எங்க லொங்காங்லயே சரிவு தலைகீழா இருந்துச்சு. இதை போன்ல சொல்லாம, போட்டோவோட கடிதமா எழுதிக் கொடுத்தேன். வீடு கையில கிடைச்ச நாள்ல இருந்து 24 மாசத்துக்குள்ள தெரியுற குறையை, எழுத்துல கொடுத்தா 30 நாள்ல அவங்க செலவுல சரிசெய்யணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. தோட்ட மண்ணு கட்டடத்துல சேராதுன்னு சொல்லிட்டாங்க. லொங்காங்கை வந்து உடைச்சுக் கட்டிக் கொடுத்தாங்க. 24 மாசம் தாண்டாதவங்க இன்னைக்கே போய்ப் பாருங்க.

பிறகு வேலி ஓரமா 40 அடிக்கு ஒரு பள்ளம். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, அதாவது மொத்தம் அஞ்சு அங்குலம். கண்ணால பார்த்து சரிவு வைக்க முடியாது. தண்ணி நிரப்பின டியூப்பை ரெண்டு முனையிலும் பிடிச்சுத்தான் வச்சோம். ஜல்லிக்கு அடியில வடிகட்டித் துணி, ஜல்லி மேல ஓட்டை போட்ட நாலு அங்குல பிவிசி குழாய், ஓட்டை கீழ்ப்பக்கம். சுத்தியும் ஜல்லி, துணியை மூடி மண்ணு. துணி இல்லாட்டி களிமண்ணு கொஞ்ச நாள்ல அடைச்சிடும். குழாய் முனை நம்ம லொங்காங்ல விழுது. ரோட்டு லொங்காங்கை நாம தொடக்கூடாது, அது நகராண்மைக்குச் சேர்ந்தது.

மண்ணைக் கிளறினது நாலு நாள் வெயில் அடிச்ச பிறகுதான். ஈரக் களிமண்ணைக் கிளறினா இன்னும் இறுகிப் போகும். கல்லு, டைல் மட்டும் பதினோரு சாக்கு. சுட்ட மண்ணும் மக்கின உரமும் கலந்து, செடி வைக்கிற இடத்தை ஒரு அடி உயர்த்தினோம். இப்போ பெரிய மழை பெய்ஞ்சாலும் மூணு மணி நேரத்துல கால் வைக்கலாம். பக்சிக் வீட்டு ஓரமும் காய்ஞ்சு கிடக்கு.

முதல் வேப்பங்கன்னு பிழைக்கல. ரெண்டாவது மேட்டுல இருக்கு, இடுப்பளவு வளர்ந்திருக்கு. இந்த ஆடிக்கு அதுல கை வைக்க அம்மா விட மாட்டாங்க, அதனால வழக்கமா வாங்குற இடத்துலயே வேப்பிலைக்குச் சொல்லியாச்சு. துளசி நிறைய இருக்கு. கன்னு வேணும்னா வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னாடி என்னைப் பாருங்க. அந்த டியூப் ஆலய ஸ்டோர்ல, அன்னதானக் குண்டான் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன். நோட்டுல பேர் எழுதிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.