மேல்பாகம்

எங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி வந்தது 2021 ஏப்ரலில். அதற்கு முந்தைய மாதம் 16ஆம் தேதி, அட்லாண்டாவிலும் அதன் வடக்கே ஆக்வொர்த் பக்கத்திலும் மூன்று மசாஜ் நிலையங்களில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். ஆறு பேர் ஆசியப் பெண்கள். துப்பாக்கியை அவன் அதே நாளில்தான் கடையில் வாங்கியிருந்தான். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில், இட்லி கிரைண்டர் எது நல்லது என்று கேட்கும் அதே குரலில், பிஸ்டல் எது நல்லது என்று பேச ஆரம்பித்தார்கள்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். பிடி ரோஸ் நிறம். கைப்பைக்குள் அடங்கும் என்றார். பிறகுதான் தெரிந்துகொண்டேன், துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாகக் கையை உதைக்கும். ஒரே தோட்டாதான், தாங்கிக்கொள்ள உலோகம் இல்லாததால் மணிக்கட்டு தாங்குகிறது. பெண்களுக்கென்று செய்து விற்கப்படும் பல சாமான்கள் இப்படித்தான் இருக்கின்றன. கணவர் க்ளாக் 17 வாங்கினார், ஒன்பது எம்.எம். "உனக்காகத்தான்" என்றார்.

அப்போது தோட்டாவுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஐம்பது கொண்ட ஒரு பெட்டிக்கு நாங்கள் நாற்பது டாலர் கொடுத்தோம். ரேஞ்சில் என் பின்னால் நின்றுகொண்டு அவர் எண்ணுவார். "ஒவ்வொண்ணும் எண்பது சென்ட். பார்த்துச் சுடு." இந்தப் "பார்த்து" எனக்குப் பழக்கமானது. 2008இல் எச்-4 விசாவில் வந்தவள் நான். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி 2015 மே மாதம்தான் கிடைத்தது. அதுவரை ஏழு வருடம் கறிவேப்பிலை வாங்கியதற்கும் ரசீது காட்டியிருக்கிறேன். பார்த்து, பார்த்து.

பார்த்துச் சுட்டால் ஒன்றும் படவில்லை. எல்லாம் இலக்குக்குக் கீழே, இடப்பக்கம்.

ரேஞ்சில் செவ்வாய்க்கிழமை மாலை பெண்களுக்கு வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் மேகசினை வாங்கி, நல்ல தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு பொய்த் தோட்டாக்களைச் செருகிக் கொடுத்தார். எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நாலாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை மளுக்கென்று தரையை நோக்கிச் சாய்ந்தது, என் கண்கள் மூடியிருந்தன, தோள் காதுவரை ஏறியிருந்தது. உதையே இல்லை, உடம்பு அதை வாங்கி முடித்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "இதை இங்கே கத்துக்கிட்டியா, முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா என்னைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்வாள்: "இவளை அடிக்கவே வேணாம், ஓங்கினா போதும்." பெருமையாகத்தான் சொல்வாள். அப்பாவின் கை ஓங்கும் நொடியில் நான் எப்படி நிற்பேன் என்பது இத்தனை வருடம் கழித்து, ஜார்ஜியாவில் ஒரு காகித இலக்குக்கு முன்னால் தெரிந்தது.

இதற்கு மருந்து, உதைக்காத தோட்டாவை ஆயிரக்கணக்கில் சுடுவது என்றார் அவர். அப்படித்தான் அந்த மாற்றுப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

பெரிய தோட்டாவில், தீ மூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். ஊசி அங்கே குத்தும். ட்வென்டி டூவில் தனிக் கிண்ணம் கிடையாது. உறையின் மடிந்த விளிம்புக்குள்ளேயே மருந்து இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கினால் போதும். மெல்லிய உறை, இரண்டரை கிராம் ஈயம். அதனால்தான் மலிவு. ஆனால் நடுவில் குத்தும் ஊசி விளிம்பைத் தொடாது. அந்தச் சின்ன உந்துதலுக்கு க்ளாக்கின் எஃகு ஸ்லைடும் அசையாது. ஆகவே மேல்பாகம் முழுதையும் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும்: அலுமினிய ஸ்லைடு, வேறு குழல், வேறு மேகசின். பிடியும் விசையும் பழையவையே. கை பழகுவது அதே துப்பாக்கியோடுதான்.

மளிகை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பெட்டி முந்நூறு டாலர். ட்வென்டி டூ எனக்குப் பத்து சென்ட்டுக்குக் கிடைத்தது. ஒரு சுடலுக்கு எழுபது சென்ட் மிச்சமென்றால், நானூற்றுச் சொச்சத்தில் போட்ட காசு திரும்பிவிடும். என் சம்பளத்தில் வாங்கினேன். சட்டப்படி, எண் பொறித்த அடிச்சட்டம்தான் துப்பாக்கி. மேல்பாகம் வெறும் உதிரிப் பாகம். அதனால் அது தபாலிலேயே வந்து, போன வாரம் தோசைக்கல் கிடந்த அதே வாசல்படியில் கிடந்தது.

இந்த யோசனை பழசு. 1930களில் கோல்ட் கம்பெனி தன் பெரிய ராணுவப் பிஸ்டலுக்கு இப்படி ஒரு ட்வென்டி டூ மேல்பாகம் விற்றது. அதில் வில்லியம்ஸ் என்பவர் வடிவமைத்த ஒரு நகரும் அறை இருந்தது. அதன் வேலை, சின்னத் தோட்டாவின் உதையைப் பெருக்கி, பெரிய தோட்டாவைப் போலக் கையில் உணர வைப்பது! மலிவும் வேண்டும், அடியும் குறையக் கூடாது. எனக்கு வேண்டியது நேர் எதிர்.

ட்வென்டி டூ அழுக்கு பிடித்தது. விரல் நுனியெல்லாம் கறுக்கும், எண்ணெயும் கரியும் நகத்திடுக்கில் நிற்கும். சிலது வெடிக்காமல் படுத்துவிடும். அப்போது இலக்கை விட்டுத் திருப்பாமல் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடங்களை எனக்குப் பிடித்தது. குழல் சாய்கிறதா என்று நானே பார்க்கலாம். மூவாயிரத்துக்கு மேல் சுட்டிருப்பேன். ஒரு நாள் சாயவில்லை. யாரும் என் பின்னால் நின்று எண்ணவில்லை.

2023இல் கணவருக்கு வேலை போனது. மார்ச்சில் ஒரு ராத்திரி, மின்கட்டணப் பேச்சு எங்கெங்கோ போய், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினார். ஜிப்சம் பலகை உள்ளே போயிற்று. என்மேல் விரல் படவில்லை. ஆனால் என் கண் மூடியிருந்தது, தோள் காதுக்கு ஏறியிருந்தது. மூவாயிரம் தோட்டா வீண்.

அன்று தூங்காமல் படித்தேன். 2003இல் ஜாக்குலின் கேம்ப்பெல்லும் சகாக்களும் 11 நகரங்களில் செய்த ஆய்வின்படி, அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டுமானால், அந்தப் பெண் அவன் கையால் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு. அடுத்த ஆண்டு ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைக்காகத் தடையாணை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்ற சட்டம் செல்லும் என்று எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பளித்தது. சரிதான். சுவரில் விழுந்த ஒரு குத்துக்கு யார் தடையாணை வாங்குகிறார்கள்? நானும் வாங்கவில்லை.

மறுநாள் காலை ட்வென்டி டூ மேல்பாகத்தை மாட்டி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது எம்.எம். ஸ்லைடையும் குழலையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ட்வென்டி டூவும் கொல்லும், எனக்குத் தெரியும். ட்வென்டி டூ தோட்டாக்களையும் ஒன்று விடாமல் அங்கேயே கொடுத்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. ஒட்டுத்தாளில் என் பெயரை எழுதி ஒட்டினார். "இந்த அலமாரியில ஏற்கெனவே மூணு இருக்கு" என்றார்.

துப்பாக்கியையே விற்றுவிடலாமே என்று தங்கை கேட்டாள். அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "பழைய மேல்பாகம் எங்கே?"

"இங்க இல்ல."

"ஏன்?"

நான் சுவரைப் பார்த்தேன். பட்டி பார்த்து அவரே வண்ணம் பூசியிருந்தார். பழைய வெள்ளையோடு அது சேரவில்லை. அவரும் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கார்ச் சாவியை எடுத்தபோது, எத்தனை தோட்டா என்றும் கேட்கவில்லை.