ஐந்து நாள் இடைவெளி

உலாவியிலுள்ள பாதுகாப்புக் குறையை, அதற்கான திருத்தம் வருமுன்னரே தாக்குவோர் பயன்படுத்தத் தொடங்கினால், அது பூஜ்ஜிய நாள் குறை எனப்படும். வெப்பி வகைப் படங்களைத் திறந்துகாட்டும் நிரலில், படத்தின் தரவு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைத் தாண்டி வழிந்து அந்நியக் கட்டளைக்கு வழிவிடும் அத்தகைய குறை இருப்பதை, 2023 செப்டம்பர் 6 அன்று ஆப்பிளின் பாதுகாப்புப் பிரிவும் டொராண்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் கூகுளிடம் தெரிவித்தன. குரோமுக்கான திருத்தம் 11ஆம் தேதியே வந்தது, வேகம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய பழைய விண்டோஸ் 7 கணினி இன்றும் ஓடுமாயின், குரோம் அந்த இயங்குதளத்தை 109ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டதால், அத்திருத்தம் அங்கே எட்டியிராது. அக்கணினிகளிலும் இயங்கும் ஃபயர்ஃபாக்ஸ் 115, நீட்டித்த ஆதரவுப் பதிப்பு என்பதால், செப்டம்பர் 12இல் அதே குறையை அடைத்தது.